வீட்டுக்கு வரும் வழியும் மருந்துதான்!

என் கணவர் லேத் பட்டறையில் வேலை பார்ப்பவர். தொழிலில் கெட்டிக்காரர். ஆனால், குடிப்பழக்கம் அவரை ஆட்டிப் படைத்தது. என் நகையெல்லாம் அடகுக் கடைக்குப் போய், கழுத்தில் வெறும் மஞ்சள் கயிறு மிஞ்சிய நிலையில், அவரை ஒரு போதை மறுவாழ்வு மையத்தில் சேர்த்தோம். ஒரு மாதம் கழித்து முகம் தெளிந்து வீடு திரும்பினார். தெருப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தேன்.

அந்த சந்தோஷம் 22 நாள்தான். சம்பள நாளன்று தள்ளாடிக்கொண்டு வந்து நின்றார். "செலவழிச்சதெல்லாம் வீணாப் போச்சே!" என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதேன். மறுநாள் காலை, "வேணும்னு போகலடி. பஸ்ஸை விட்டு இறங்கினதும் அந்த வாடை வந்துச்சு, கால் தானாப் போயிருச்சு" என்றார். சாக்குப்போக்கு என்றுதான் நினைத்தேன்.

மறுபடி மையத்துக்குப் போனோம். அங்கே கவுன்சலிங் கொடுக்கும் அம்மா என்னிடம், "உங்க வீட்டுக்காரர் வேலை முடிஞ்சு எந்த வழியா வீட்டுக்கு வர்றாரும்மா?" என்று கேட்டார். சொல்லச் சொல்லத்தான் எனக்கே உறைத்தது. பஸ் நிறுத்தம், எதிரே மதுக்கடை, பக்கத்தில் தண்ணீர் பாக்கெட்டும் டம்ளரும் விற்கும் பெட்டிக்கடை, டீக்கடை பெஞ்சில் பழைய கூட்டாளிகள், அதைத் தாண்டினால் எங்கள் தெரு!

"குடிச்சுப் பழகின இடம், வாடை, கூட்டாளிங்க, கையில சம்பளம் எல்லாமே மூளையில பதிஞ்சிருக்கும். பார்த்ததும் ஆசையைக் கிளப்பிவிடும். விட்ட புதுசுல இது ரொம்ப அதிகம்" என்று விளக்கினார் அவர்.

"அப்படின்னா எங்க கிராமத்துக்கே கூட்டிட்டுப் போயிடுறேன்" என்றார் என் மாமியார். அந்த அம்மா ஒப்பவில்லை. "அங்கே லேத் வேலை இருக்கா? வேலை இல்லாம, பேச்சுத் துணை இல்லாம தனியா உட்கார்ந்திருந்தா அதுவும் ஆபத்துதான். கடை கண்ணுல படக் கூடாது, ஆனா வேலையும், ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டமும் பக்கத்துல இருக்கணும்" என்றார். குடியிலிருந்து மீள நினைப்பவர்கள் ஒன்றுகூடி, ஒருவருக்கொருவர் தைரியம் சொல்லும் அமைப்பு அது. 1935-ல் அமெரிக்காவில் தொடங்கியது; நம் ஊர்களிலும் கூட்டம் நடக்கிறது. கட்டணம் கிடையாது.

வீடு தேடி அலைந்தேன். உண்மையைச் சொன்ன இரண்டு இடங்களில், "குடிகாரனுக்கு வீடு இல்லை" என்று கதவைச் சாத்தினார்கள். மூன்றாவது இடத்தில் வாயே திறக்கவில்லை. அது இன்றும் உறுத்துகிறது. வாடகை கூடுதல், தண்ணீருக்குக் குடத்தோடு நடக்க வேண்டும், என்னிடம் ரவிக்கை தைத்தவர்களையும் இழந்தேன். ஆனால், பட்டறைக்கு சைக்கிளிலேயே போகலாம். வழியில் மதுக்கடை இல்லை. கூட்டம் நடக்கும் இடமும் நடை தூரம்.

இன்று 2 வருடம் 7 மாதம் ஆகிறது. அவர் குடிக்கவில்லை. வீடு மாறியதால் மட்டும் என்று சொல்ல மாட்டேன். மருந்து, கூட்டம், அவருடைய உறுதி எல்லாம் சேர்ந்துதான். ஆனால், அந்த உறுதியைத் தினமும் சாயங்காலம் சோதித்துப் பார்க்காத ஒரு தெரு அவருக்குக் கிடைத்தது.

நம் மாநிலத்தில் 2003-ல் வந்த மதுக்கடை விதிகள், வழிபாட்டுத் தலத்திலிருந்தும் கல்வி நிலையத்திலிருந்தும் நகரத்தில் 50 மீட்டர், மற்ற இடங்களில் 100 மீட்டர் தள்ளியே கடை வைக்கச் சொல்கின்றன. மறுவாழ்வு மையங்களுக்கும் இப்படி ஒரு தூரம் வைத்தால் என்ன?

சகோதரிகளே, உங்கள் வீட்டுக்காரர் மையத்திலிருந்து திரும்பும் முன், அவர் வேலையிலிருந்து வரும் வழியில் நீங்கள் ஒரு முறை நடந்து பாருங்கள். வீடு மாற வசதி இல்லையென்றால் வழியையாவது மாற்றுங்கள். முதல் சில மாதம், சம்பள நாளில் யாராவது துணைக்குப் போங்கள். "மனசு உறுதியா இருந்தா போதாதா?" என்று நானும்தான் கேட்டேன். போதவில்லை, அம்மா.

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, மதுரை.