ஒரு மணிக்கு விழும் பந்து

ரயில்வேயில் சாயங்காலம் நான்கு மணிக்கு ஒரு சின்னச் சடங்கு உண்டு. கண்ட்ரோலில் இருந்து போன் வரும். அவர்கள் "பதினாறு மணி" என்று சொல்லும் கணத்தில் ஸ்டேஷன் மாஸ்டர் தன் கடிகாரத்தைச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். பொது விதிகளிலேயே எழுதியிருக்கிறது. சர்வீஸ் முழுக்க நானும் அதைச் செய்தவன். அதனால், லண்டனில் மகள் வீட்டுக்குப் போன கோடையில் அரண்மனையையும் மெழுகுப் பொம்மைகளையும் ஒதுக்கிவிட்டு, முதலில் கிரீனிச் வானாய்வகத்தைப் பார்க்க வேண்டும் என்று நான் சொன்னபோது அவள் சிரித்தாளே தவிர மறுக்கவில்லை.

கட்டி சார்க் ஸ்டேஷனில் இறங்கி, பூங்காவுக்குள் நடந்து, குன்று ஏற வேண்டும். முழங்காலுக்குக் கொஞ்சம் வேலைதான். மேலே முற்றத்தில் உலோகக் கோடு ஒன்று பதித்திருக்கிறது. பூஜ்யம் பாகை தீர்க்கரேகை. கிழக்கில் ஒரு கால், மேற்கில் ஒரு கால் வைத்துப் படம் எடுத்துக்கொள்ள நீண்ட வரிசை. மகள் போனை நீட்டிக் காட்டினாள்: "அப்பா, இது பூஜ்யம்னு சொல்லலையே!" போன் சொல்லும் பூஜ்யம் அங்கிருந்து 102 மீட்டர் கிழக்கே, பூங்காவுக்குள் போகிறது. கோட்டைக் குறித்த வானியலாளர் ஏரி தப்புச் செய்யவில்லை. அவருடைய தொலைநோக்கி, பாதரசத் தட்டை வைத்து நேர்க்குத்து பார்த்து நிறுத்தப்பட்டது. பூமியின் ஈர்ப்பு எல்லா இடத்திலும் சரியாக மையத்தை நோக்கி இழுப்பதில்லை. அங்கே ஒரு துளி சாய்வு. செயற்கைக்கோள்களோ பூமியின் மையத்தையே அடிப்படையாக வைத்து அளக்கின்றன. 1884-இல் வாஷிங்டனில் கூடிய 25 நாடுகளின் மாநாடு ஏரியின் கோட்டைத்தான் ஏற்றது. பிரான்ஸ் வாக்களிக்காமல் ஒதுங்கிக்கொண்டது.

எனக்குக் கோட்டைவிடப் பந்துதான் பெரிது. ஃபிளாம்ஸ்டீட் இல்லத்தின் கூரைமேல் ஒரு கம்பம், அதில் சிவப்புப் பந்து. 12.55-க்குப் பாதி உயரம் ஏறுகிறது. 12.58-க்கு உச்சிக்குப் போய்விடும். சரியாக ஒரு மணிக்கு விழும். விழத் தொடங்கும் கணம்தான் கணக்கு. கீழே வந்து நிற்கும் கணம் அல்ல. 1833 முதல் நடக்கிற காரியம். தேம்ஸில் நங்கூரமிட்ட கப்பல்கள் இதைப் பார்த்துத்தான் குரோனோமீட்டர் என்ற கப்பல் கடிகாரத்தைச் சரிசெய்துகொண்டு கடலுக்குக் கிளம்பின. நண்பகலுக்குப் போட்டால் என்ன என்று கேட்கலாம். அந்த நேரத்தில் வானியலாளர்கள் உச்சிச் சூரியனை அளந்துகொண்டிருப்பார்கள். கை ஒழிவது அதற்குப் பிறகுதான்.

கப்பலுக்கு ஏன் இத்தனை துல்லியம்? பூமி ஒரு மணிக்கு 15 பாகை சுழல்கிறது. சூரியன் உச்சிக்கு வரும்போது கப்பலில் பகல் பன்னிரண்டு. அதே கணத்தில் கிரீனிச்சில் மணி என்ன என்று தெரிந்தால், எவ்வளவு கிழக்கே அல்லது மேற்கே இருக்கிறோம் என்று கணக்குப் போட்டுவிடலாம். கடிகாரம் ஒரு நிமிடம் பிசகினால் நிலநடுக்கோட்டுப் பக்கம் சுமார் 28 கிலோமீட்டர் பிசகு. 1707-இல் இருக்கும் இடத்தைத் தவறாகக் கணித்ததால் சில்லித் தீவுகளின் பாறைகளில் மோதி நான்கு போர்க்கப்பல்கள் மூழ்கின. 1714-இல் தீர்க்கரேகையைக் கண்டுபிடிக்க வழி சொல்பவருக்கு 20,000 பவுன் வரை பரிசு என்று பாராளுமன்றம் சட்டம் போட்டது.

அந்தப் பரிசுக்காக உழைத்த ஜான் ஹாரிசன் ஒரு தச்சர். அவருடைய முதல் நான்கு கப்பல் கடிகாரங்களும் இங்கே கண்ணாடிக்குள் இருக்கின்றன. முதலாவது, 1735-இல் முடித்தது, 34 கிலோ. இரண்டு பித்தளைத் தண்டுகள் சுருள்வில்லால் இணைந்து எதிரெதிராக ஆடுகின்றன. கப்பல் எப்படிச் சாய்ந்தாலும் ஒன்றின் தடுமாற்றத்தை மற்றது ஈடுகட்டிவிடும். பல்சக்கரங்கள் மரம். எண்ணெயே வேண்டாம். அது இன்னும் ஓடுகிறது. நான் அதன்முன் நின்ற நேரத்தில் மகள் ஒரு காபி குடித்துவிட்டே வந்துவிட்டாள். மூன்றாவதற்கு 19 வருடம் செலவழித்தார் மனிதர், திருப்தி வரவில்லை. 1759-இல் முடித்த நான்காவது, 13 சென்டிமீட்டர் அகலமுள்ள பெரிய பாக்கெட் கடிகாரம் மாதிரிதான் தெரிகிறது. 1761-இல் அதை எடுத்துக்கொண்டு அவர் மகன் ஜமைக்காவுக்குக் கப்பலேறினார். 81 நாளில் பின்தங்கியது ஐந்தே விநாடி. ஆனால் எண்ணெய் கேட்கும் கடிகாரம் அது, ஓடினால் தேய்ந்துவிடும் என்று நிறுத்தி வைத்திருக்கிறார்கள். ஹாரிசனுக்குக் கடைசித் தொகை வந்தது 1773-இல், அவருடைய எண்பதாவது வயதில். அரியர்ஸுக்காக அலைந்தவர்களுக்கு இது புதுக்கதை அல்ல.

அரசாங்கச் சிக்கனமும் அங்கே பழைய வழக்கம்தான். 1675-இல் இரண்டாம் சார்லஸ் வானாய்வகம் கட்டச் சொன்னபோது, கெட்டுப்போன வெடிமருந்தை விற்ற காசில்தான் கட்டினார்கள். முதல் வானியலாளர் ஃபிளாம்ஸ்டீடுக்குச் சம்பளம் வருடத்துக்கு 100 பவுன். கருவிகள் அவர் பாடு. கிறிஸ்டோபர் ரென் கட்டிய எண்கோண அறை உயரமான ஜன்னல்களோடு ராஜாவுக்கே உரியதாக இருக்கிறது. ஆனால் சுவர்கள் வடக்கு தெற்காக அமையாததால், நுணுக்கமான அளவுகளை ஃபிளாம்ஸ்டீட் தோட்டத்தில் இருந்த கொட்டகையில்தான் எடுத்தார்.

வாசல் சுவரில் 1852-இல் பதித்த ஷெப்பர்டு கடிகாரம் 24 மணி முகம் கொண்டது. கோடையிலும் அது கிரீனிச் நேரத்தை விட்டு அசையாது. ஊரோ ஒரு மணி முன்னால் ஓடுகிறது, பந்தும் ஊரோடு சேர்ந்துவிட்டது. ஆகவே ஒரு மணிக்குப் பந்து விழும்போது இந்தக் கடிகாரத்தில் பன்னிரண்டு; சின்ன முள் நேர்கீழே நிற்கும். இதன் தாய்க் கடிகாரத்தில் இருந்துதான் தந்திக் கம்பி வழியாக ரயில்களுக்கு நேரம் போனது. கம்பி வந்த பிறகும் ரூத் பெல்வில் என்ற பெண்மணி 1940 வரை வாரந்தோறும் குன்றேறி, 'ஆர்னால்ட்' என்று பெயரிட்ட கடிகாரத்தைச் சரிபார்த்துக்கொண்டு போய் லண்டன் கடிகாரக் கடைக்காரர்களுக்கு நேரம் விற்றுவந்தார். அப்பா தொடங்கிய தொழில்.

நமக்கும் ஒரு கிரீனிச் இருந்தது. 1792-இல் நுங்கம்பாக்கத்தில் எழுந்த சென்னை வானாய்வகம். அங்கே 1802-இல் வானியலாளர் கோல்டிங்ஹாம் கணித்த மதராஸ் நேரம், கிரீனிச்சுக்கு 5 மணி 21 நிமிடம் 14 விநாடி முந்தியது. பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் நடுவாக அமைந்ததால் இந்திய ரயில்கள் அதில்தான் ஓடின. 1906 ஜனவரி 1 முதல் ஐந்தரை மணிக் கணக்கு வந்தது. கருவியைத் தாங்கிய கருங்கல் தூண் இன்றும் நுங்கம்பாக்கம் வானிலை அலுவலக வளாகத்தில் நிற்கிறது. அதைப் பார்க்க எவரும் வரிசையில் நிற்பதில்லை என்பதில் எனக்கு வருத்தம் உண்டு.

கிரீனிச்சுக்குப் போகிறவர்களுக்கு ஒன்று: முற்றத்துக்கும் கடிகாரங்களுக்கும் டிக்கெட் வேண்டும். ஷெப்பர்டு கடிகாரம் வெளிச்சுவரில் இருப்பதால் இலவசம், பந்தும் வெளியே நின்றால் தெரியும். 12.50-க்குள் ஏறிவிடுங்கள். பலத்த காற்றடித்தால் மட்டும் பந்தை ஏற்ற மாட்டார்கள்.