சிறு பாய்மரப் படகு, பெருங்கடல்: உங்களுக்குத் தெரியுமா?

◆ பிரிக்பீல்ட்ஸில் குடியிருப்பவருக்குக் கடல் ஒரு கொமுட்டர் டிக்கெட் தூரம்தான். கேஎல் சென்ட்ரலில் ஏறி, பெலாபுஹான் கிள்ளான் கடைசி நிலையத்தில் இறங்கினால் பூலாவ் கெத்தாம் படகுத்துறை பக்கத்திலேயே இருக்கிறது. அதே கரையோரத்தில்தான் ராயல் சிலாங்கூர் யாட் கிளப்பும். அங்கே முப்பது, நாற்பது அடிப் பாய்மரப் படகுகள் கட்டிக் கிடக்கும்; தூர தேசங்களிலிருந்து வந்து இளைப்பாறுபவையும் உண்டு.

◆ அந்தக் கிளப் நடத்தும் ராஜா மூடா சிலாங்கூர் பன்னாட்டுப் பாய்மரப் போட்டி 1990-இல் தொடங்கியது. வழக்கமாக நவம்பரில், போர்ட் கிள்ளானில் புறப்பட்டு பங்கோர், பினாங்கு வழியாக லங்காவி வரை போகிறார்கள். பங்கோர் வரையிலான முதல் கட்டம் ஏறக்குறைய 90 கடல்மைல். இரவு முழுக்கக் கடலில்தான். போட்டியைத் தொடங்கி வைத்த அன்றைய ராஜா மூடாதான் (பட்டத்து இளவரசர்) இன்றைய சிலாங்கூர் சுல்தான் ஷராஃபுதீன் இட்ரிஸ் ஷா. 1990களில் தம் ‘ஜுக்ரா’ படகில் உலகைச் சுற்றி வந்தவர் அவர்.

◆ அமாவாசை, பௌர்ணமி பார்த்துக் காரியம் தொடங்கும் பழக்கம் கிள்ளான் கடலில் உயிரைக் காக்கும். அந்த நாள்களை ஒட்டி, இங்கே ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே நீர்மட்டம் 4 முதல் 5 மீட்டர் வரை மாறுகிறது. ஒரு மாடி வீட்டின் உயரத்தைத் தாண்டி! நீர் ஏறி இறங்கும்போது ஓட்டமும் கடுமையாகும். முப்பது அடிப் படகு நல்ல காற்றிலும் 5, 6 நாட் (மணிக்கு 5, 6 கடல்மைல்) வேகம்தான் போகும். எதிரே 3 நாட் நீரோட்டம் இருந்தால் பாதிப் பயணம் வீண். அதனால் இங்கே படகோட்டுபவர்கள் கடிகாரத்தைப் பார்த்துப் புறப்படுவதில்லை, ஓத அட்டவணையைப் பார்த்துத்தான் புறப்படுகிறார்கள்.

◆ தென்மேற்குப் பருவக்காலத்தில் இரவில் மலாக்கா நீரிணைக்கு மேல் திரண்டு, விடியலுக்கு முன் மேற்கிலிருந்து பாயும் புயல்மழைக்கு இங்கே ‘சுமத்ரா’ என்றே பெயர். காற்று சில நிமிடங்களில் 40 நாட் வேகத்தைத் தொடலாம். வானம் கறுத்த பிறகு பாயைச் சுருக்கப் போனால் காலம் கடந்துவிடும். சுருக்கலாமா என்ற யோசனை வந்த கணத்திலேயே சுருக்கிவிட வேண்டும்.

◆ மலேசியாவின் அஸ்ஹார் மன்சோர் 1999 பிப்ரவரி 2 அன்று லங்காவியிலிருந்து ‘ஜாலூர் கெமிலாங்’ படகில் தனியாகக் கிளம்பி, அதே ஆண்டு ஆகஸ்ட் 11-இல் உலகைச் சுற்றிவிட்டுத் திரும்பினார். தென் அமெரிக்காவின் தென்முனையிலுள்ள கேப் ஹார்ன் கடலில் அவருடைய பாய்மரம் முறிந்தது; ஃபாக்லாந்து தீவுக்குப் போய்ச் சரிசெய்துகொண்டு மேலே தொடர்ந்தார். இந்தியக் கடற்படையின் அபிலாஷ் டோமிக்கும் உலகைத் தனியாகச் சுற்றும் 2018 கோல்டன் குளோப் பாய்மரப் போட்டியில் பாய்மரம் போனது, முதுகெலும்பும் காயப்பட்டது. அவர் விடவில்லை. அடுத்த போட்டியில், வெறும் 36 அடி நீளப் படகில், 2023-இல் இரண்டாவதாக வந்து சேர்ந்தார்.

◆ பாய்மரத்தை நிமிர்த்தி வைத்திருப்பவை சில துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகள். ‘துருப்பிடிக்காத’ என்பதை நம்பிவிடக் கூடாது. கம்பியின் முனை உலோகக் குழலுக்குள் நுழையும் இடத்தில் உப்புநீர் தங்கி, வெளியே பளபளப்பு மாறாமலே உள்ளுக்குள் அரிக்கும். பழைய படகை வாங்குபவர்கள் ஒரு துண்டுப் பஞ்சை எடுத்து ஒவ்வொரு கம்பியையும் கீழிருந்து மேலாகத் துடைத்துப் பார்ப்பது நல்ல வழக்கம். எங்காவது நூல் சிக்கினால் அங்கே ஓர் இழை அறுந்திருக்கிறது என்று பொருள். அறுந்தது ஓர் இழைதானே என்று விடாமல் கம்பியையே மாற்ற வேண்டும். பத்துப் பதினைந்து ஆண்டு ஆகிவிட்டால் பழுது தெரியாவிட்டாலும் எல்லாவற்றையும் மாற்றிவிடுவது நல்லது.

◆ அடுத்த கவனம் நீர்மட்டத்துக்குக் கீழே. கழிவறை, எஞ்சின் குளிர்விப்பு ஆகியவற்றுக்காகப் படகின் உடலில் துளைகள் உண்டு. ஒவ்வொன்றிலும் ஓர் அடைப்பு வால்வு. அது வெண்கலமா, சாதாரணப் பித்தளையா என்று கேளுங்கள். பித்தளையிலுள்ள துத்தநாகத்தைக் கடல்நீர் தின்றுவிடும். மிச்சம் நிற்கும் உலோகம் கைப்பட்டாலே உடையும். அனுபவசாலிகள் ஒவ்வொரு வால்விலும் கூம்பு வடிவ மரக்கட்டை ஒன்றைக் கயிற்றால் கட்டித் தொங்கவிடுவார்கள். வால்வு உடைந்தால் அந்தக் கட்டையைத் துளையில் அடித்து இறுக்கினால் போதும், படகு மூழ்காது. வெறும் மரத்துண்டு! பெரிய வழிகாட்டித் திரைக்கும் புதிய லித்தியம் பேட்டரிக்கும் பணத்தைக் கொட்டிவிட்டு, கம்பியையும் வால்வையும் அப்படியே விடுவது தலைகீழான கணக்கு.

◆ காற்றில் போகும் படகுக்கு எல்லாக் கப்பலும் வழிவிட வேண்டும் என்று நினைப்பவர்கள் உண்டு. பன்னாட்டு விதி அப்படிச் சொல்லவில்லை. மலாக்கா நீரிணையில் கப்பல்களுக்கென வகுத்த பாதையில் வரும் எஞ்சின் கப்பலுக்குப் பாய்மரப் படகு இடைஞ்சல் செய்யக் கூடாது. பாதையைக் கடந்தே ஆக வேண்டுமென்றால், முடிந்தவரை செங்குத்தாக, சட்டென்று கடந்துவிட வேண்டும்.

◆ தமிழருக்குக் கடலோட்டம் சோழர் காலத்தோடு முடிந்துவிடவில்லை. யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையில் கட்டிய ‘அன்னபூரணி’ என்ற பாய்க்கப்பலை, முன்பே 32 அடிப் படகில் உலகைச் சுற்றியிருந்த அமெரிக்கர் வில்லியம் ராபின்சன் விலைக்கு வாங்கினார். அதை அட்லாண்டிக் தாண்டி 1938-இல் மாசசூசெட்ஸின் குளோஸ்டர் துறைமுகத்தில் சேர்த்தவர்களில் வல்வெட்டித்துறைத் தண்டலும் (மாலுமிகளின் தலைவர்) மாலுமிகளும் இருந்தார்கள். நம் காலத்தில், புதுச்சேரியைச் சேர்ந்த கடற்படை அதிகாரி ரூபா அழகிரிசாமி, கேரளத்தின் தில்னாவோடு 56 அடி ‘தாரிணி’யில் 2024 அக்டோபர் 2 அன்று கோவாவிலிருந்து உலகைச் சுற்றக் கிளம்பினார். கேப் ஹார்னைச் சுற்றிக்கொண்டு 2025 மே 29-இல் இருவரும் கோவா திரும்பினார்கள். நம் வீட்டுப் பெண் பிள்ளைகளுக்குச் சொல்லித் தர வேண்டிய பெயர் ரூபா.

◆ ஆசை வந்துவிட்டதா? உடனே படகு வாங்க ஓடாதீர்கள். துறைமுகத்தை எட்டிப் பார்க்காமலே கிள்ளானில் மூன்று தலைமுறை வாழ்ந்துவிட்ட குடும்பங்கள் நம்மிடையே உண்டு. போட்டி நடக்கும் நவம்பரில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஒரு முறை போய் வாருங்கள். பாய்மரப் படகு வைத்திருக்கும் யாராவது தெரிந்தவராக இருந்தால், கயிறு இழுக்க ஓர் ஆள் வேண்டுமா என்று கேளுங்கள். அப்படித் தொடங்குவதுதான் செலவு குறைந்த வழி, பாதுகாப்பான வழியும்கூட.