‘யுவான் தாத்தா’வுக்காகச் சீனா கண்ணீர் சிந்தியது ஏன்? வீரிய ஒட்டு நெல்லின் கதை

சீனாவின் ஹுனான் மாகாணத் தலைநகரான சாங்ஷாவில், 2021-ஆம் ஆண்டு மே 22-ஆம் தேதி, மருத்துவமனை ஒன்றிலிருந்து இறுதி ஊர்தி புறப்பட்டது. சாலையின் இருமருங்கிலும் பெருங்கூட்டம் திரண்டு நின்றது. வாகன ஓட்டிகள் வண்டிகளை நிறுத்தி ஒலிப்பான்களை நீள ஒலித்தனர். ‘யுவான் தாத்தா, போய் வாருங்கள்’ என்ற குரல்கள் எழுந்தன. ஊர்தியில் இருந்தது அரசியல் தலைவர் ஒருவரின் உடல் அன்று. நெல் விஞ்ஞானி யுவான் லாங்பிங்கின் உடல். அவருக்கு வயது 90.

அன்று முற்பகலிலேயே அவர் காலமானதாகச் சீன அரசுத் தொலைக்காட்சியின் ஆங்கில அலைவரிசை செய்தி வெளியிட்டது. பின்னர் அதை நீக்கி மன்னிப்புக் கோரியது. மக்களின் நிம்மதி சில மணி நேரமே நீடித்தது. பிற்பகல் 1.07 மணிக்கு அவரது உயிர் பிரிந்தது.

மே 24-ஆம் தேதி அஞ்சலி நிகழ்ச்சி நடைபெற்ற மிங்யாங்ஷான் இறுதிச்சடங்கு மண்டபத்தில் வெள்ளை, மஞ்சள் செவ்வந்தி மலர்கள் குவிந்தன. வெளியூர்களில் இருந்தோர் கைப்பேசிச் செயலி வழியே பூங்கொத்துகளை அனுப்ப, விநியோக ஊழியர்கள் அவற்றைச் சுமந்து வந்து வைத்தனர். சிலர் நெற்கதிர்களையும் வைத்தனர். பெருந்தலைவர்களின் மறைவுக்கு அரசே துக்கத்தை ஒழுங்கு செய்யும் நாடு அது. கம்யூனிஸ்ட் கட்சியின் உறுப்பினராகக்கூட இல்லாத ஒருவருக்கு இக்கூட்டம் தானாக வந்தது என்பது குறிப்பிடத்தக்கது.

இதன் வேர் 1959 முதல் 1961 வரையிலான கொடும் பஞ்சத்தில் உள்ளது. கோடிக்கணக்கானோர் மாண்ட அந்த ஆண்டுகளில், ஹுனானின் அஞ்சியாங் வேளாண் பள்ளியில் யுவான் ஆசிரியராக இருந்தார். பசியால் இறந்தோரின் உடல்களை வழியோரத்தில் கண்டதாகப் பின்னாளில் அவர் கூறியுள்ளார். அந்தப் பசியை அறிந்த தலைமுறை இன்னும் உயிரோடு இருக்கிறது. அஞ்சலி செலுத்த வந்த இளையோருக்கு அது தாத்தா, பாட்டி சொல்லிக் கேட்ட கதை.

அவர் செய்ததுதான் என்ன? இரு வேறு ரகங்களைக் கலந்தால் பிறக்கும் முதல் தலைமுறை, பெற்றோரைவிட வீரியமாக வளரும். மக்காச்சோளத்தில் இது எளிது. ஆண் பூவும் பெண் பூவும் தனித்தனியே இருப்பதால் ஆண் பூவை வெட்டிவிடலாம். நெல்லிலோ ஒரே சிறு பூவுக்குள் இரண்டும் இருக்கின்றன; அது தன் மகரந்தத்தாலேயே கருவுறும். லட்சக்கணக்கான பூக்களில் ஆண் பாகத்தைக் கையால் நீக்கி வயலுக்கு விதை தயாரிக்க முடியாது. எனவே, இயற்கையிலேயே மகரந்தம் மலடாகிப்போன நெற்செடியைத் தேடினார் யுவான். 1964, 1965 ஆகிய ஆண்டுகளில் வயல் வயலாகக் கதிர்களை ஆராய்ந்ததில் கிடைத்தவை ஆறே செடிகள்.

அவையும் முழுத் தீர்வைத் தரவில்லை. திருப்புமுனை 1970 நவம்பரில் ஹைனான் தீவில் நேர்ந்தது. அவருடைய உதவியாளர் லி பிஹூவும் உள்ளூர்ப் பண்ணைப் பணியாளர் ஒருவரும் அங்கே மகரந்தம் மலடான காட்டு நெல் ஒன்றைக் கண்டெடுத்தனர். அப்போது யுவான் அத்தீவில் இல்லை. அந்தச் செடியின் வழிவந்த மலட்டு ரகம், அதன் மலட்டுத் தன்மை மாறாமல் பெருக்கித் தரும் இரண்டாவது ரகம், விவசாயியின் வயலில் மணி பிடிக்குமாறு வளத்தை மீட்டுத்தரும் மூன்றாவது ரகம் என மூன்றும் 1973-இல் ஒன்றுகூடின. 1976 முதல் வீரிய ஒட்டு நெல் பெருமளவில் பயிரானது. வழக்கமான ரகங்களைவிட விளைச்சல் ஏறத்தாழ 20 விழுக்காடு கூடியது.

இதன் ஒரு கிளை இந்தியாவுக்கும் வந்தது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 1994-இல் வெளியிட்ட ‘கோஆர்எச் 1’ வீரிய ஒட்டு நெல்லின் தாய் ரகத்தில் இருப்பதும் அந்த ஹைனான் காட்டு நெல்லின் மலட்டுப் பண்பே. ஆனால் சீனாவில் கண்ட பரவல் இங்கு ஏற்படவில்லை. அறுவடையில் எடுத்து வைக்கும் நெல்லை விதையாக்கினால் மறு பருவத்தில் பயிர் சீராக வராது. ஒவ்வொரு முறையும் விதையை விலைக்கு வாங்க வேண்டும். தொடக்ககால ஒட்டு ரகங்களின் அரிசி சுவை குறைந்தது என்ற குறையும் சீனாவிலேயே இருந்தது.

சீனாவின் பசியை அவர் ஒருவரே போக்கினார் என்பதும் மிகைதான். உரம், பாசனம், 1970-களின் இறுதியில் குடும்பங்களிடமே நிலப் பொறுப்பை ஒப்படைத்த சீர்திருத்தம் ஆகியவற்றுக்கும் அதில் பெரும் பங்குண்டு. எனினும் சீர்திருத்தத்துக்கு முகம் கிடையாது. வெயிலில் கறுத்து, வரப்பில் குனிந்து கதிரைத் தொட்டுப் பார்க்கும் முதியவருக்கு இருந்தது. சோளத்தட்டை உயரம் வளர்ந்த நெல்லின் நிழலில் தாம் அமர்ந்திருப்பதாகக் கனவு கண்டதை அவர் அடிக்கடி சொல்வார். சீனப் பிள்ளைகளுக்கு அக்கனவு நன்கு தெரியும்.

2021 மார்ச் மாதம் ஹைனானின் சான்யா ஆய்வுத் தளத்தில் இருந்தபோது அவர் தவறி விழுந்தார். அங்கிருந்து சாங்ஷா மருத்துவமனைக்கு மாற்றப்பட்டவர் பின்னர் வயலுக்குத் திரும்பவில்லை.