புகார் பெட்டி ஏன் காலியா இருக்கு?

திருப்பூர் எக்ஸ்போர்ட் கம்பெனிகள்ல சுவத்துல ஒரு புகார் பெட்டி தொங்கும். ஆடிட் வர்றப்போ திறந்து காட்டுவாங்க. பல நேரம் உள்ளே ஒண்ணும் இருக்காது. புகார் இல்லைன்னா பிரச்னையே இல்லைனு அர்த்தமா?

2021 ஜனவரி. திருப்பூர் ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸுக்குச் சொந்தமான, திண்டுக்கல் மாவட்டத்துல இருந்த நாச்சி அப்பேரல் ஆலையில் வேலை பார்த்த ஒரு இளம் தலித் பெண் கொல்லப்பட்டார். கைதானவர் அதே ஆலையின் சூப்பர்வைசர். மாசக்கணக்கில் அவர் தொல்லை கொடுத்தார், வேலை போயிடும்னு பயந்து மகள் வெளியே சொல்லலைன்னு குடும்பத்தினர் கூறினார்கள்.

சட்டம் இல்லாம இல்லை. 2013 சட்டப்படி பத்துப் பேர் வேலை செய்யும் இடத்துல உள் புகார்க் குழு இருக்கணும். ஆனா லைன்ல டார்கெட் போடுறதும், லீவு தர்றதும், பாத்ரூம் போக விடுறதும் யாரு? அதே சூப்பர்வைசர். அவரைப் பத்தின புகாரை அவரைத் தாண்டி எப்படி மேலே கொண்டுபோறது? வீட்டுல சொன்னா, "நாளைலேந்து கம்பெனிக்குப் போகாதே"னுடுவாங்க. தப்பு செஞ்சவர் வேலையில இருப்பார், சொன்னவருக்குச் சம்பளம் போயிடும். இதுல மௌனம் கோழைத்தனம் இல்லைங்க, சுத்தமான கணக்கு.

அந்தக் கணக்கை மாத்தினதுதான் 2022 ஏப்ரல்ல வெளியான திண்டுக்கல் ஒப்பந்தம். தலித் பெண்கள் வழிநடத்தும் டிடிசியூ தொழிற்சங்கம், ஈஸ்ட்மேன், எச் அண்ட் எம் எல்லாரும் கையெழுத்துப் போட்டாங்க. பிறகு கேப், பிவிஎச் நிறுவனங்களும் சேர்ந்தன. சுமார் 25 தொழிலாளர்களுக்கு ஒருத்தர்னு, அவங்களோடவே வேலை செய்யும் பெண்களைச் சங்கம் தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுத்தது. பக்கத்து மெஷின்ல இருக்கிற அக்காகிட்ட சொன்னாலே போதும்னு ஆச்சு. புகார் சொன்னவரைப் பழிவாங்கக் கூடாதுனு விதி இருந்தது. ஆலை ஒப்பந்தத்தை மீறினா பிராண்டுகள் ஆர்டர்ல கை வைக்கும்னும் அதுல இருந்தது. என்னைக் கேட்டா, உண்மையான பல்லு இந்த கடைசி விஷயம்தான்.

முதல் வருஷத்துல 185 புகார்கள் வந்தன, 182 தீர்க்கப்பட்டன. ஒரு ஹெச்ஆர் மேனேஜர் இந்த எண்ணைப் பார்த்தா பதறிடுவார். எனக்கு இது நல்ல செய்தி.

ஆனா நம்மூர் பவர் டேபிள் யூனிட்டுகளை யோசிங்க. எட்டுப் பேர் தைக்கிற இடத்துல கமிட்டியும் கிடையாது, பிராண்டும் எட்டிப் பார்க்காது. அவங்களுக்காக மாவட்டத்துக்கு ஒரு உள்ளூர் குழு இருக்கணும்னு அதே சட்டம் சொல்லுது. மூணு மாசத்துக்குள்ள புகார் கொடுக்கணும். உங்க தெருவுல தைக்கப் போற அக்காவுக்கு அப்படி ஒரு குழு இருக்குனு தெரியுமானு இன்னைக்கே கேட்டுப் பாருங்க.