சிறையிலிருந்து வரும் எழுத்துக்கு நாம் எழுதும் பதில்

மாணவர் எழுதிய கட்டுரையைப் படித்துத் திருத்துவது நமக்கு அன்றாட வேலை. அதே வேலையைச் சிறையில் இருக்கும் ஒருவருக்காகச் செய்ய நேர்ந்தால் எப்படிச் செய்வது? அவர் ஒரு கவிதையோ கதையோ எழுதி அனுப்பி, "படித்துவிட்டு உள்ளதைச் சொல்லுங்கள்" என்று கேட்டால் பாராட்டுவதா, திருத்துவதா, அறிவுரை சொல்வதா? இந்தக் கேள்வி நம்மில் பலருக்கு நேராகவே வரக்கூடும். சிறைக்குள் எழுத்தறிவு வகுப்புகளும் திறந்தநிலைப் பள்ளித் தேர்வுகளும் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகப் படிப்புகளும் நடக்கின்றன. படித்தவர் எழுதுவார், எழுதியவர் வாசகரைத் தேடுவார். பெரும்பாலும் அவர் நினைவுக்கு முதலில் வருவது ஓர் ஆசிரியரின் முகம்தான்.

நான் புதுச்சேரியில் அரசுப் பள்ளியில் தமிழ் கற்பிக்கிறேன். சமூகப் பணியில் இருக்கும் நண்பர் ஒருவர் வழியாக, சிறைவாசிகள் எழுதிய பக்கங்களை வாசித்துக் கருத்து எழுதும் பணியைச் சில ஆண்டுகளாகச் செய்துவருகிறேன். அதில் கற்றுக்கொண்டதையும், இது குறித்து நம் நாட்டில் நடந்தவற்றையும் இங்கே தொகுத்துத் தருகிறேன்.

சிறையில் பிறந்த தமிழ்

சிறையும் எழுத்தும் நமக்குப் புதிய உறவு அல்ல. வ.உ. சிதம்பரனார் கோவைச் சிறையிலும் கண்ணனூர்ச் சிறையிலும் இருந்து 1912 டிசம்பரில் விடுதலையானார். செக்கிழுத்த அந்தக் காலத்திலேயே ஜேம்ஸ் ஆலன் என்ற ஆங்கில ஆசிரியரின் நூலை 'மனம்போல வாழ்வு' என்று தமிழாக்கினார். அப்போது கோவையில் தங்கி அவருக்கு வேண்டிய உதவிகளைச் செய்தவர் பரலி சு. நெல்லையப்பர். உள்ளே எழுதுபவருக்கு வெளியே ஒரு மனிதர் இருப்பது எவ்வளவு பெரிய பலம் என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

நம் ஊரில் 1910 முதல் பத்தாண்டுகள் வாழ்ந்த வ.வே.சு. ஐயர், பின்னர் பெல்லாரிச் சிறையில் அடைக்கப்பட்டார். கம்பராமாயணத்தைப் பற்றிய அவருடைய ஆங்கில ஆய்வு அங்கே எழுதப்பட்டது. அவர் மறைந்து பல ஆண்டுகளுக்குப் பிறகே அது நூலானது. மரண தண்டனை விதிக்கப்பட்டு, அது ஆயுள் தண்டனையாகக் குறைக்கப்பட்ட தியாகு, சிறையில் இருந்தபோது கார்ல் மார்க்சின் 'மூலதனம்' நூலைத் தமிழில் மொழிபெயர்த்தார்.

இவர்கள் எல்லாரும் முன்பே படித்தவர்கள். அரசியல் காரணங்களுக்காகச் சிறை சென்றவர்கள். என் மேசைக்கு வரும் பக்கங்களை எழுதியவர்கள் அப்படிப்பட்டவர்கள் அல்லர். எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவர்களும், சிறைக்குள் வந்த பிறகே எழுத்துக்கூட்டக் கற்றவர்களும் அவர்களில் உண்டு. அவர்களுக்கு நெல்லையப்பர்கள் இல்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

"சிறையில் இருப்பவருக்கு எழுதும் உரிமை உண்டா?" என்று ஆசிரியர்கள் கேட்பதுண்டு. இதற்கு உச்ச நீதிமன்றத்தின் முன் வந்த மூன்று வழக்குகளை அறிந்திருப்பது நல்லது.

முதலாவது, 1965இல் முடிவான பிரபாகர் பாண்டுரங்க சன்ஸ்கிரி வழக்கு. பம்பாயில் தடுப்புக் காவலில் இருந்த அவர், அணுவின் உள்ளமைப்பைப் பற்றி மராத்தியில் ஓர் அறிவியல் நூல் எழுதினார். கையெழுத்துப் படியை வெளியிடுவதற்காகத் தம் மனைவிக்கு அனுப்ப அனுமதி கேட்டார், அரசு மறுத்தது. அனுப்ப அனுமதிக்க வேண்டும் என்று நீதிமன்றம் சொன்னது. காவலில் வைப்பதற்கான விதிகளில் நூல் எழுதக் கூடாது, வெளியே அனுப்பக் கூடாது என்ற கட்டுப்பாடு இல்லாதபோது, அதிகாரிகள் தாமாக அதைச் சேர்க்க முடியாது என்பதே சாரம்.

இரண்டாவது, சுனில் பத்ரா வழக்கு. தில்லி திகார் சிறையிலிருந்த அவர், இன்னொரு கைதி கொடுமைப்படுத்தப்பட்டதை உச்ச நீதிமன்ற நீதிபதி ஒருவருக்குக் கடிதமாக எழுதினார். அந்தக் கடிதத்தையே நீதிமன்றம் மனுவாக ஏற்றுக்கொண்டது.

மூன்றாவது, தமிழ்நாட்டில் பரவலாகப் பேசப்பட்டது. கொலை வழக்குகளில் மரண தண்டனை பெற்ற ஆட்டோ சங்கர், செங்கல்பட்டுச் சிறையில் தன் வரலாற்றை எழுதி, அதை 'நக்கீரன்' இதழ் வெளியிட விரும்பியதாக இதழின் தரப்பு கூறியது. சிறை அதிகாரிகள் தடுக்க முயன்றார்கள். 1994 அக்டோபரில் வந்த தீர்ப்பில், வெளியீட்டுக்கு முன்பே தடை போடும் அதிகாரம் அரசுக்கோ அதிகாரிகளுக்கோ இல்லை என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அதே தீர்ப்பு தனிமனிதரின் அந்தரங்க உரிமையையும் வலியுறுத்தியது. பொது ஆவணங்களில் உள்ளதை எழுதலாம். அதற்கு மேல் ஒருவருடைய சொந்த வாழ்க்கைக்குள் அவர் இசைவின்றி நுழைந்தால் அதன் விளைவை ஏற்க வேண்டும்.

எழுதும் உரிமையும் உண்டு, பிறரைக் காக்கும் பொறுப்பும் உண்டு. பதில் எழுதும் நாம் இவ்விரண்டையும் மனத்தில் வைக்க வேண்டும்.

பாராட்டு மட்டும் போதாதா?

"பாவம், உள்ளே இருக்கிறார். நன்றாக இருக்கிறது என்று நாலு வரி எழுதினால் போயிற்று" என்று சக ஆசிரியர் ஒருவர் என்னிடம் சொன்னார். நல்ல மனத்தோடு சொன்னதுதான். ஆனால், அந்த நாலு வரியைப் பெறுபவர் அதை எப்படிப் படிப்பார் என்று யோசிக்க வேண்டும். வெளியே இருப்பவருக்கு ஒரு நாளில் பத்துப் பேர் பேசுவார்கள். உள்ளே இருப்பவருக்கு ஒரு கடிதம் ஒரு மாதத்துக்கு இருக்கும். மடித்து வைத்து, திரும்பத் திரும்ப எடுத்துப் படிப்பார். மூன்றாவது முறை படிக்கும்போதே, எழுதியவர் தன் கதையை முழுதாகப் படிக்கவில்லை என்பது தெரிந்துவிடும்.

ஓர் எடுத்துக்காட்டு. எழுதியவர் யாரென்று தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன். அம்மாவைப் பற்றி ஒருவர் எழுதிய கவிதை வந்தது. முதல் பன்னிரண்டு வரிகளில் அம்மா தெய்வம், அம்மா தியாகம், அம்மா மெழுகுவத்தி. பதின்மூன்றாவது வரியில், மீன் விற்றுவிட்டு வந்த அம்மா, ஈரமான ரூபாய் நோட்டுகளைச் சோற்றுப் பானை மூடியின் மேல் காயவைக்கிறாள்.

நான் எழுதிய பதில் இது: "முதல் பன்னிரண்டு வரிகளை யார் வேண்டுமானாலும் யாருடைய அம்மாவுக்கும் எழுதலாம். பானை மூடியில் நோட்டுக் காயவைத்த அம்மா உங்களுடையவர் மட்டும்தான். அந்த இடத்தில் எனக்கு மீன் வாசனை வந்தது. அங்கிருந்து தொடங்கினால் என்ன? அந்த நோட்டுகளை அவர் எப்போது எண்ணுவார்? எண்ணும்போது நீங்கள் எங்கே இருப்பீர்கள்?"

இரண்டு மாதம் கழித்து வந்த பதிலில் முதல் வரி, "நீங்க சொன்னது ரெண்டு நாள் கோவமா இருந்திச்சி" என்பது. அதற்குக் கீழே புதிய கவிதை. அதில் அம்மா நோட்டுகளை எண்ணுகிறாள், ஒன்று குறைகிறது, எடுத்தது யாரென்று அவளுக்குத் தெரியும், கேட்கவில்லை. தெய்வம், மெழுகுவத்தி எதுவும் இல்லை. பிழைகள் இருந்தன. ஆனால், தான் எடுத்த முதல் காசைப் பற்றி அவர் எழுதியிருந்தார். அதை எழுது என்று நான் கேட்கவில்லை. நோட்டுகளைப் பற்றித்தான் கேட்டேன்.

பதில் எழுதும் முறை

நான் கடைப்பிடிக்கும் முறையை ஆசிரியர்களின் வசதிக்காக வரிசைப்படுத்துகிறேன்.

1. இரண்டு முறை படித்த பிறகே பேனாவை எடுக்க வேண்டும். முதல் முறை வாசகராக, இரண்டாம் முறை ஆசிரியராக.

2. நமக்குப் புரிந்ததை முதலில் இரண்டு வரியில் எழுத வேண்டும். எழுதியவர் சொல்ல நினைத்ததும் நமக்குப் புரிந்ததும் ஒன்றுதானா என்பதை அவரே பார்த்துக்கொள்வார்.

3. நன்றாக இருக்கும் இடத்தை வரியோடு சுட்டிக்காட்ட வேண்டும். "நடை அருமை" என்பதால் பயனில்லை.

4. குறையை ஒன்று அல்லது இரண்டோடு நிறுத்த வேண்டும். ஆனால் மழுப்பக் கூடாது. "இந்த இடத்தில் கதை நின்றுவிட்டது, காரணம் இது" என்று சொல்லலாம்.

5. நாமே மாற்றி எழுதித் தரக் கூடாது. கேள்வி கேட்டால் போதும்.

6. பேச்சு வழக்கைப் பிழையாகக் கருதக் கூடாது. கதைமாந்தர் பேச்சில் "வந்துச்சி", "சொன்னிச்சி" என்று வருவது நம் ஊர்த் தமிழ். பொருள் மாறும் எழுத்துப் பிழைகளை மட்டும் தனியே பட்டியலிட்டுத் தரலாம்.

7. என்ன குற்றம், எத்தனை ஆண்டு என்று கேட்கக் கூடாது. அவராக எழுதினால் படிக்கலாம். தீர்ப்புச் சொல்லும் இடம் நமதல்ல.

8. பாதிக்கப்பட்டவரின் பெயரோ அடையாளமோ எழுத்தில் வந்தால், அதை மாற்றும்படி தெளிவாகச் சொல்ல வேண்டும். அவருடைய குடும்பமும் இதைப் படிக்கக்கூடும்.

9. நிறைவேற்ற முடியாத வாக்குறுதி கூடாது. "புத்தகமாகப் போட்டுவிடலாம்", "வெளியே வந்ததும் வேலை பார்த்துத் தருகிறேன்" போன்றவை உள்ளே இருப்பவருக்கு வெறும் உபசார வார்த்தைகள் அல்ல.

10. கடிதங்களைச் சிறை அதிகாரிகள் பார்ப்பார்கள் என்பதை நினைவில் வைத்து எழுத வேண்டும். அரசு ஊழியர்கள் என்ற முறையில் உரிய அனுமதியோடும், ஓர் அமைப்பின் வழியாகவும் இப்பணியைச் செய்வதே முறை. வீட்டு முகவரி, கைப்பேசி எண் தேவையில்லை. மாணவர்களை இதில் ஈடுபடுத்தக் கூடாது.

எழுத்து வேறு, ஆள் வேறு

இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. அமெரிக்காவில் ஜாக் அபட் என்ற கைதி, புகழ்பெற்ற எழுத்தாளர் நார்மன் மெய்லருக்கு எழுதிய கடிதங்கள் 1981இல் நூலாக வந்து பெரும் பாராட்டைப் பெற்றன. அவருக்குப் பரோல் கிடைக்க மெய்லர் துணைநின்றார். வெளியே வந்த சில வாரங்களிலேயே நியூயார்க்கில் உணவகப் பணியாளர் ஒருவரை அபட் குத்திக் கொன்றார். இறந்த அந்த இளைஞரும் ஒரு நடிகர், நாடகம் எழுதியவர்.

இதிலிருந்து "கைதிகளுக்கு எழுதாதீர்கள்" என்ற பாடத்தை நான் எடுத்துக்கொள்ளவில்லை. நல்ல வாக்கியம் எழுதத் தெரிவது திருந்தியதற்குச் சான்று ஆகாது. மோசமான வாக்கியம் திருந்தாததற்கும் சான்று ஆகாது. நாம் கருத்துச் சொல்வது பக்கத்தைப் பற்றி. ஆளைப் பற்றி முடிவெடுக்க நீதிமன்றமும் அதற்குரிய குழுக்களும் இருக்கின்றன. இந்த எல்லையை நாமும் மறக்கக் கூடாது, எழுதுபவரையும் மறக்கவிடக் கூடாது.

எல்லையோடு இதைத் தொடர்ந்து செய்பவர்களும் உண்டு. பிரிட்டனில் 1962இல் எழுத்தாளர் ஆர்தர் கோஸ்ட்லர் தொடங்கிய விருது, சிறைவாசிகளின் ஓவியத்துக்கும் எழுத்துக்கும் இன்றும் வழங்கப்படுகிறது. பங்கேற்பவர்களுக்கு எழுத்து வடிவில் கருத்தும் அனுப்பப்படுகிறது. அமெரிக்காவில் பென் அமைப்பு 1970களிலிருந்து சிறை எழுத்தாளர்களுக்குப் போட்டி நடத்துவதோடு, கடிதம் வழியாக வழிகாட்டும் எழுத்தாளர்களையும் ஏற்பாடு செய்கிறது.

நம் வகுப்பறைக்கு

இப்பணி நம் பள்ளியோடு தொடர்பற்றது என்று நினைக்க வேண்டாம். நம் வகுப்பில் தந்தையோ அண்ணனோ சிறையில் இருக்கும் பிள்ளைகள் இருக்கக்கூடும். "என் அப்பா" என்ற தலைப்பில் கட்டுரை எழுதச் சொல்லும் நாளில் அந்தப் பிள்ளை என்ன செய்யும்? "எனக்குப் பிடித்த பெரியவர் ஒருவர்" என்று தலைப்பை விரித்துவிட்டால் யாரும் தனித்துத் தெரியமாட்டார்கள். பெற்றோர் விவரங்களை வகுப்பின் முன் கேட்காமல் தனியே கேட்டு எழுதலாம்.

சில வேளை அந்தத் தந்தை பள்ளிக்கே கடிதம் எழுதுவார்: "என் மகள் எப்படிப் படிக்கிறாள்?" தலைமையாசிரியருக்குத் தெரிவித்து, பிள்ளையின் பாதுகாவலர் இசைவோடு பதில் எழுதலாம். அங்கும் உண்மைதான் உதவும். மூன்றாம் வகுப்புக் குழந்தைக்கு இன்னும் வாசிப்பு வரவில்லை என்றால், "நன்றாகப் படிக்கிறாள்" என்று எழுதுவது அந்தத் தந்தையை ஏமாற்றுவது. "உயிர்மெய் எழுத்துகளில் கொம்பு, இரட்டைக்கொம்பு குழப்பம் இருக்கிறது. கணக்கு நன்றாகப் போடுகிறாள். உங்கள் கடிதத்தைச் சின்னச் சின்ன வாக்கியமாக, பெரிய எழுத்தில் எழுதினால் அவளே வாசிப்பாள்" என்று எழுதினால், உள்ளே இருந்தபடி அவர் மகளுக்குச் செய்ய ஒரு வேலை கிடைக்கிறது. ஜவாஹர்லால் நேரு சிறையிலிருந்து மகளுக்கு எழுதிய 196 கடிதங்கள் உலக வரலாற்று நூலாயின. நம் மாணவியின் தந்தை வரலாறு எழுத வேண்டியதில்லை. அவள் வாசிக்கும் அளவுக்கு ஐந்து வரி எழுதினால் போதும்.

புதுச்சேரியில் கனக சுப்புரத்தினம் என்ற இளம் ஆசிரியர் எழுதிய பாட்டைப் படித்து, தம் கவிதா மண்டலத்தைச் சேர்ந்தவர் என்று குறிப்பெழுதி 'சுதேசமித்திரன்' இதழுக்கு அனுப்பியவர் பாரதியார். அந்த ஆசிரியரைப் பாரதிதாசன் என்று நாடு அறிந்தது. பாரதியார் அன்று பாட்டைப் படித்தார், உரிய இடத்துக்கு அனுப்பினார், பெயரைச் சொன்னார். நம் கையிலுள்ள சிவப்பு மைப் பேனாவுக்கும் அந்த வேலை முடியும். அடுத்த முறை கட்டுரை ஏட்டில் "நன்று" என்று எழுதி ஒப்பமிடும் முன், எந்த வரி நன்று என்பதையும் சேர்த்து எழுதிப் பாருங்கள். அது பழகிவிட்டால், சிறையிலிருந்து ஒரு பக்கம் வரும் நாளில் என்ன எழுதுவது என்று திகைக்க வேண்டியிருக்காது.