கத்தி தொடும் முன் ஒரு கணக்கு

உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்கான அறுவை சிகிச்சை, வயிற்றிலும் நெஞ்சிலும், சில சமயம் கழுத்திலும் நடக்கும் பெரிய வேலை. சுமார் 25 செ.மீ. நீளமுள்ள அந்தக் குழாயின் பெரும்பகுதியை அகற்றிவிட்டு, இரைப்பையை நீளவாக்கில் வெட்டித் தைத்துக் குழாயாக்கி, மேலே இழுத்து, மிஞ்சிய உணவுக்குழாயோடு இணைக்கிறார்கள்.

சிக்கல் பெரும்பாலும் அந்த இணைப்பில்தான். இரைப்பைக்குப் பல தமனிகள் ரத்தம் தருகின்றன. மேலே இழுப்பதற்காக அவற்றில் பலவற்றைக் கட்டிவிட நேர்கிறது. பிறகு புதிய குழாய் முக்கியமாக ஒரே தமனியை நம்பி இருக்கிறது. அந்தத் தமனியிலிருந்து மிகத் தொலைவில், ரத்தம் குறைவாக எட்டும் நுனியில்தான் தையல் விழுகிறது. அது ஆறாவிட்டால் எச்சிலும் செரிமான நீரும் நெஞ்சுக்குள் கசியும். அறுவையின்போது ஒரு நுரையீரலைச் சுருக்கி வைப்பதாலும், பிறகு வலியில் இரும முடியாததாலும் நிமோனியா வரலாம்.

இந்த ஆபத்துகளை எண்ணிப் பார்க்க முதலில் பொது வரையறை தேவைப்பட்டது. ஒரு மருத்துவமனை ‘கசிவு’ என்பதை இன்னொன்று கணக்கிலேயே சேர்க்காமல் இருந்தது. 2015இல் பல நாட்டு நிபுணர்கள் ஒரே பட்டியலை ஏற்றார்கள். அதன்படி 14 நாடுகளின் 24 மருத்துவமனைகளில் 2,704 பேரைக் கவனித்ததில், 59 சதவீதத்தினருக்கு ஏதோ ஒரு சிக்கல் வந்தது. நிமோனியா 14.6, கசிவு 11.4 சதவீதம். 90 நாட்களுக்குள் இறந்தவர்கள் 4.5 சதவீதம்.

இத்தகைய பதிவுகளிலிருந்துதான் முன்கணிப்புச் சூத்திரங்கள் பிறக்கின்றன. ஜப்பானின் தேசிய அறுவை சிகிச்சைத் தரவுத்தளத்தில் இருந்த 5,354 நோயாளிகளை வைத்து 2014இல் ஒன்றை வெளியிட்டார்கள். வயது, புகைப்பழக்கம், எடை இழப்பு, அன்றாட வேலைகளைத் தானே செய்யும் திறன், ரத்தப் பரிசோதனை முடிவுகள் போன்றவற்றில் எது எவ்வளவு ஆபத்தைக் கூட்டுகிறது என்று பழைய நோயாளிகளிடமிருந்து கற்று, புதியவருக்கு ஒரு சதவீதம் சொல்கின்றன இந்தச் சூத்திரங்கள்.

20 சதவீதம் என்றால், இவரைப் போன்ற நூறு பேரில் சுமார் இருபது பேருக்குச் சிக்கல் வரும் என்று பொருள். அந்த இருபதில் இவர் இருப்பாரா என்பதை எண் சொல்லாது. ஒரு நாட்டில் உருவான சூத்திரத்தை வேறு நாட்டில் சோதிக்காமல் நம்பவும் கூடாது. ஜப்பானில் அதிகம் காணப்படும் புற்றுநோய் வகை வேறு, மேலைநாடுகளில் அதிகம் காணப்படுவது வேறு.

அப்படியானால் பயன் என்ன? வயதை மாற்ற முடியாது. மற்ற பலவற்றை மாற்றலாம். அறுவைக்கு முன் கீமோதெரபி பெறுபவர்களுக்குச் சில வாரங்கள் கிடைக்கின்றன. அதற்குள் புகையை விடலாம், மூச்சுப் பயிற்சியும் நடையும் பழகலாம், விழுங்க முடியாதவர்களுக்குக் குழாய் வழியே சத்துணவு கொடுக்கலாம்.

கணிப்பு அறுவையோடு முடிவதில்லை. ரத்தத்தில் சி.ஆர்.பி. என்ற அழற்சிப் புரதம் எந்த அறுவைக்குப் பிறகும் ஏறி, சில நாட்களில் இறங்கத் தொடங்கும். மூன்றாம் நாளிலிருந்து ஐந்தாம் நாளுக்குள் இறங்காமல் மேலே ஏறினால், காய்ச்சல் வரும்வரை காத்திராமல் சி.டி. ஸ்கேன் எடுத்துக் கசிவைத் தேடுவார்கள். சீக்கிரம் தெரிந்த கசிவு, சீக்கிரம் சமாளிக்கப்படுகிறது.

அறுவைக்குத் தேதி குறிக்கும்போதே நோயாளியும் குடும்பத்தாரும் மருத்துவரிடம் இரண்டு கேள்விகள் கேட்க வேண்டும்: எங்களுக்கு ஆபத்து எவ்வளவு? அதைக் குறைக்க இன்றிலிருந்து நாங்கள் என்ன செய்ய வேண்டும்? முதல் கேள்விக்குச் சூத்திரம் பதில் தரும். உயிர் காக்கும் வாய்ப்பு இரண்டாவது கேள்வியில்தான் அதிகம்.