நல்ல கம்ப்யூட்டர்தான், விஆர் கேம் ஆடினால் மட்டும் ஏன் தலை சுற்றுகிறது?

மற்ற கேம்கள் ஜோராக ஓடுகின்றன. விஆர் ஹெட்செட்டை மாட்டினால் மட்டும் சற்று நேரத்தில் குமட்டுகிறது. கோளாறு உங்கள் வயிற்றிலா, கம்ப்யூட்டரிலா?

லண்டன் ஈஸ்ட் ஹாமில் ஒரு தோசைக்கடையை நினைத்துக்கொள்ளுங்கள். கிராஃபிக்ஸ் கார்டுதான் மாஸ்டர். மானிட்டர் என்றால் ஒரே வாடிக்கையாளர். தோசை கொஞ்சம் தாமதமானாலும் பொறுத்துக்கொள்வார். விஆரில் இரண்டு கண்ணும் இரண்டு வாடிக்கையாளர்கள். நொடிக்கு 90 படம் காட்டும் ஹெட்செட்டில், சுமார் 11 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை இருவர் தட்டிலும் புதுத் தோசை விழவேண்டும். அதுவும், நீங்கள் தலையைத் திருப்பிய திசைக்கு ஏற்றபடி அப்போதே சுட்டதாக!

மாஸ்டர் பிந்தினால்? தலை திரும்பிவிட்டது என்று உள்காது சொல்கிறது. இன்னும் இல்லை என்கிறது கண். இந்தச் சண்டையில் மூளை குழம்பி, குமட்டல் வருகிறது. நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்து கேமுக்குள் ஓடினாலும் இதே சண்டைதான். அதை எந்தக் கார்டும் தீர்க்காது.

2019இல் வெளியான 'பிளட் அண்ட் ட்ரூத்' விஆர் கேமை உருவாக்கிய சோனியின் லண்டன் ஸ்டுடியோவும் இந்தக் கணக்குக்குக் கட்டுப்பட்டுத்தான் வேலை செய்தது. சோனியின் ஹெட்செட்டான பிளேஸ்டேஷன் விஆரில் நொடிக்கு 60 படத்துக்குக் குறையக் கூடாது என்பது அந்நிறுவனத்தின் கறார் விதியாக இருந்தது.

ஆகவே முதல் பணம் கிராஃபிக்ஸ் கார்டுக்கு. பளபள கேபினெட்டும் கலர் விளக்கும் ஒரு படத்தைக்கூட வேகமாக வரையாது. லேப்டாப்பில் பெரும்பாலும் கார்டைப் பிற்பாடு மாற்ற முடியாது. ஹெட்செட்டை முதலில் முடிவுசெய்து, அது கேட்கும் கார்டைவிட ஒருபடி மேலாக வாங்குங்கள்.